யார் சொன்னது, எந்தத் தாளில் உள்ளது?

குடும்ப மரம் வரையும் மென்பொருளில் நோய் வரலாற்றைச் சான்றுடன் பதிவு செய்வது எப்படி

புறநோயாளிகள் பிரிவில் மருத்துவரை முதன்முறை சந்திக்கும் எவரும் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: "உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த நோய் இருந்ததா?" பெரும்பாலோர் சில நொடிகள் யோசித்துவிட்டு, "அப்படி ஒன்றும் இல்லை" என்றோ, "அப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததாக நினைவு" என்றோ விடை சொல்கிறார்கள். நோயாளி ஒன்று சொல்ல, உடன் வந்தவர் வேறொன்று சொல்வதும் உண்டு. வீட்டில் அமைதியாக அமர்ந்து பெரியவர்களைக் கேட்டுத் திரட்ட வேண்டிய செய்தி, இங்கே அரை நிமிடத்தில் சொல்லப்பட்டுவிடுகிறது.

இக்கேள்வி சடங்குக்காகக் கேட்கப்படுவதன்று. சென்னையில் 26,001 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் தரவுகளைக் கொண்டு, மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையினர் 2005-ஆம் ஆண்டில் ‘இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்’ என்னும் எளிய முறை ஒன்றை வகுத்தனர். வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, பெற்றோரின் நோய் ஆகிய நான்கே அதன் கேள்விகள். பெற்றோரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தால் 10 மதிப்பெண். இருவருக்கும் இருந்தால் 20. மொத்தம் 60-ஐ எட்டியவர் மிகுந்த அபாயம் உடையவராகக் கருதப்பட்டு, இரத்தப் பரிசோதனைக்கு அறிவுறுத்தப்படுகிறார். தாய்க்கு நீரிழிவு இருந்ததை அறியாத மகன், அந்த 10 மதிப்பெண்ணை இழந்து, பரிசோதனையின்றியே வீடு திரும்பக்கூடும்.

நோயின் பெயர் மட்டும் போதாது. அது எந்த வயதில் வந்தது என்பதும் வேண்டும். தந்தைக்கோ உடன்பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்கு முன்பும், தாய்க்கோ உடன்பிறந்த பெண்ணுக்கோ 65 வயதுக்கு முன்பும் மாரடைப்பு வந்திருந்தால், அதை இளவயது இதயநோய் என மருத்துவர்கள் தனியே கணக்கில் கொள்கிறார்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ 60 வயதுக்குள் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால், மற்றவர்கள் 40 வயதிலோ, அந்த உறவினருக்கு நோய் கண்டறியப்பட்ட வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்போ, இவற்றுள் எது முந்தியதோ அப்போதே குடல் உள்நோக்கிப் பரிசோதனையைத் தொடங்க வேண்டும் என்று பல வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. தந்தைக்கு 44 வயதில் வந்த நோயை "ஐம்பது, ஐம்பத்தைந்து இருக்கும்" என்று ஊகமாகச் சொல்லிவிட்டால், 34 வயதில் செய்ய வேண்டிய பரிசோதனை 40 வயதுக்குத் தள்ளிப்போகிறது.

எனவே குடும்ப நோய் வரலாறு என்பது பெயர்ப் பட்டியல் மட்டுமன்று. ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில், அதைச் சொன்னவர் யார், அது எந்தத் தாளில் உள்ளது என்ற குறிப்பும் இருந்தால்தான் மருத்துவர் அதை நம்பி முடிவெடுக்க இயலும். அத்தகைய பதிவைக் கணினியின் துணையோடு தொடங்குவதற்கான வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரு தையற்காரப் பெண் சொன்ன செய்தி

குடும்பத்தார் சொல்லும் செய்தி மருத்துவத்தையே எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1895-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நோய்க்கூறியல் மருத்துவராக இருந்த ஆல்டிரட் வார்த்தின் என்பவரிடம் அவருக்குத் தெரிந்த தையற்காரப் பெண் ஒருவர், தம் குடும்பத்தில் பலர் குடல் புற்றுநோயாலும் கருப்பைப் புற்றுநோயாலும் இறந்ததைச் சொல்லி, தமக்கும் அவ்வாறே நேரும் என்று அஞ்சினார். பின்னாளில் அவர் கருப்பைப் புற்றுநோயால்தான் இறந்தார். வார்த்தின் அவருடைய குடும்ப மரத்தைத் திரட்டி 1913-இல் வெளியிட்டார். பல ஆண்டுகள் கழித்து ஹென்றி லிஞ்ச் என்ற மருத்துவர் அதே குடும்பத்தின் அடுத்தடுத்த தலைமுறைகளைத் தேடி 1971-இல் அந்த மரத்தைப் புதுப்பித்தார். 2000-ஆம் ஆண்டில் அக்குடும்பத்து நோய்க்குக் காரணமான மரபணு மாற்றம் கண்டறியப்பட்டது. ‘லிஞ்ச் நோய்த்தொகுதி’ என்று இன்று அழைக்கப்படும் பரம்பரைப் புற்றுநோய் வகையின் கதை அது.

நூறாண்டுக்கு மேற்பட்ட அந்தத் தேடலின் முதல் சான்று, தன் உறவினர்களைப் பற்றிக் கவனமாக நினைவு வைத்திருந்த ஒரு பெண்ணின் வாய்மொழிதான். அது எழுதி வைக்கப்பட்டதால்தான் பின்வந்தோர் அதைத் தொடர முடிந்தது.

இங்கு ஓர் ஆறுதலையும் சொல்லியாக வேண்டும். புற்றுநோய்களில் ஏறக்குறைய 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே நேரடியான மரபணு மாற்றத்தால் பரம்பரையாக வருபவை. மரத்தில் ஒரு நோய் இருப்பதால் அது உங்களுக்கும் வந்தே தீரும் என்பதில்லை. எப்போது, எதைப் பரிசோதிக்க வேண்டும் என்று முடிவு செய்வதற்கான வழிகாட்டியாகவே அதைக் கொள்ள வேண்டும்.

முதலில் உறவைத் தெளிவாக்குங்கள்

நம் மொழி உறவுப் பெயர்களில் வளமானது. ஆயினும் மருத்துவக் குறிப்புக்கு அந்த வளமே சில சமயம் குழப்பம் தரும். "என் அண்ணனுக்கு நாற்பத்தெட்டு வயதில் மாரடைப்பு வந்தது" என்று ஒருவர் சொல்கிறார். அவர் குறிப்பிடுவது உடன்பிறந்த அண்ணனையா, பெரியப்பா மகனையா? முன்னவர் முதல்நிலை உறவினர். பின்னவர் மூன்றாம்நிலை உறவினர். மருத்துவக் கணிப்பில் இவ்விரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு.

‘பெரியம்மா’ என்ற சொல்லும் அத்தகையதே. அம்மாவின் அக்காவும் பெரியம்மாதான். பெரியப்பாவின் மனைவியும் பெரியம்மாதான். முன்னவரோடு உங்களுக்கு இரத்த உறவு உண்டு. பின்னவரோடு இல்லாமல் இருக்கலாம். ‘அத்தை’ என்பவர் அப்பாவின் உடன்பிறந்தவராகவும், தாய்மாமனின் மனைவியாகவும், மாமியாராகவும் இருக்கலாம். சொந்தத்தில் மணம் முடித்த குடும்பங்களில் ஒருவரே இந்த மூன்றும் ஆகலாம்.

ஆகவே மரத்தை எழுதத் தொடங்குமுன் ஒவ்வொருவரையும் "யாருடைய வயிற்றில் பிறந்தவர், யார் அவருடைய தந்தை" என்ற இரு கேள்விகளால் அடையாளப்படுத்துங்கள். பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோர் முதல்நிலை. தாத்தா, பாட்டி, பெற்றோரின் உடன்பிறந்தார், உடன்பிறந்தாரின் பிள்ளைகள், பெற்றோரில் ஒருவர் மட்டும் பொதுவான உடன்பிறந்தார் ஆகியோர் இரண்டாம்நிலை. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி ஆகியோரின் பிள்ளைகள் மூன்றாம்நிலை.

சொந்தத்தில் நடந்த திருமணத்தை மறைக்காமல் குறிப்பிடுங்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019-21) தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பெண்கள் இரத்த உறவில் மணம் புரிந்தவர்கள். ஆகவே இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தாய்மாமனும் அக்காள் மகளும் சராசரியாகத் தம் மரபணுக்களில் நான்கில் ஒரு பங்கையும், அத்தை மகனும் மாமன் மகளும் எட்டில் ஒரு பங்கையும் பொதுவாக உடையவர்கள். சில அரிய நோய்கள் குழந்தைக்கு வருவதற்கான வாய்ப்பைக் கணிக்க மருத்துவருக்கு இச்செய்தி இன்றியமையாதது.

இன்னொன்று: நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் வம்ச வரலாறு பெரும்பாலும் ஆண்வழியில் செல்வது. பங்காளிகள் ஏழு தலைமுறைக்குத் தெரிவார்கள். கட்டிக்கொடுத்த பெண்களின் பிள்ளைகள் இரண்டு தலைமுறைக்குள் மறந்துபோவார்கள். மருத்துவத்துக்கு இரு வழியும் ஒன்றே. மார்பகப் புற்றுநோயோடும் சினைப்பைப் புற்றுநோயோடும் தொடர்புடைய மரபணு மாற்றம் தந்தைவழியிலும் மகளுக்கு வரும். எனவே அப்பாவின் சகோதரிகளைப் பற்றியும் கேட்க வேண்டும். இரத்தம் உறையாமை நோய்க்குத் தாய்வழி மாமன்மாரைப் பற்றிக் கேட்க வேண்டும். இளவயதில் இறந்த குழந்தைகளையும், பிரசவத்தில் இறந்த பெண்களையும் மரத்தில் விட்டுவிடாதீர்கள்.

தாளில் மூன்று தலைமுறை

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். தம்பதியரைக் கிடைக்கோட்டால் இணையுங்கள். சொந்தத்தில் மணம் என்றால் இரட்டைக்கோடு. பிள்ளைகளை அதன் கீழே மூத்தவர் முதலாக இடமிருந்து வலமாக வரையுங்கள். காலமானவர்மேல் ஒரு சாய்கோடு. நோய் உற்றவரின் சதுரத்தையோ வட்டத்தையோ நிரப்பிக் கறுப்பாக்குங்கள். யாருக்காக இம்மரம் வரையப்படுகிறதோ அவரை ஓர் அம்புக்குறியால் காட்டுங்கள். 1995-இல் மரபியல் ஆலோசகர்கள் ஒழுங்குபடுத்திய குறியீடுகள் இவை. எந்த மருத்துவமனையிலும் புரியும்.

உங்கள் தலைமுறை, பெற்றோர் தலைமுறை, தாத்தா பாட்டி தலைமுறை ஆகிய மூன்றும் இருந்தால் போதும். ஏழு தலைமுறைக்கு முந்தைய முன்னோரைத் தேடுவது மகிழ்ச்சியான வேலைதான். ஆனால் சிகிச்சைக்கு வேண்டியது இந்த மூன்றே.

மென்பொருளைத் தேர்ந்தெடுத்தல்

குடும்ப மரத்துக்கான மென்பொருள்கள் இருவகை. முதல்வகை உங்கள் கணினிக்குள்ளேயே இயங்குவது. ‘கிராம்ப்ஸ்’ அவ்வகையில் நன்கறியப்பட்டது. 2001-இல் தொடங்கப்பட்ட இது கட்டணமற்றது. விண்டோஸ், லினக்ஸ், மேக் கணினிகளில் இயங்குவது. பெயர்களையும் குறிப்புகளையும் தமிழிலேயே எழுதலாம். நீங்கள் விரும்பி அனுப்பினாலன்றி அதில் உள்ள செய்தி வெளியே செல்லாது. இரண்டாம்வகை இணையத்தில் இயங்குவது. ‘ஃபேமிலிசர்ச்’ போன்றவற்றை அலைபேசியிலும் பயன்படுத்தலாம். ஆனால் அங்கு உள்ளது உலகத்தார் சேர்ந்து எழுதும் ஒரே மரம். இறந்தவர்களைப் பற்றிய பக்கத்தைப் பிற பயனர்களும் பார்க்கலாம், திருத்தலாம். முன்னோரைத் தேடுவதற்கு அது பயன்படும். நோய்க் குறிப்புகளை எழுதுவதற்கு ஏற்ற இடமன்று.

நோய் வரலாற்றுக்கு முதல்வகையையே பரிந்துரைக்கிறோம். வீட்டில் கணினி இல்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி எழுதிவந்தால், பின்னர் பேரப்பிள்ளைகள் எவரேனும் அதைக் கணினியில் ஏற்றிவிடலாம். எந்த மென்பொருளை எடுத்தாலும், ‘ஜெட்காம்’ என்னும் பொதுவடிவக் கோப்பாகச் சேமிக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். 1984 முதல் வழக்கில் உள்ள அவ்வடிவம் இருந்தால், நாளை வேறு மென்பொருளுக்கு மாறினாலும் உழைப்பு வீணாகாது.

பெயர் எழுதும் இடத்தில் ஒரு தயக்கம் வரும். மேல்நாட்டார் வழக்கப்படி இம்மென்பொருள்கள் குடும்பப் பெயரைக் கேட்கும். நமக்கோ தந்தை பெயரின் முதலெழுத்துதான் உண்டு. கிராம்ப்ஸில் அவ்விடத்தில் தந்தையின் முழுப்பெயரை எழுதி, அது தந்தைவழிப் பெயர் என்று குறிக்க வழி உண்டு. வீட்டில் அழைக்கும் பெயரையும் சான்றிதழில் உள்ள பெயரையும் தனித்தனியே எழுதுங்கள். பேரனுக்குத் தாத்தா பெயரிடும் வழக்கத்தால் ஒரே பெயரில் இருவர் மூவர் இருப்பார்கள். பிறந்த ஆண்டையும் சேர்த்து எழுதினால் ஒருவர் நோய் இன்னொருவர் பக்கத்தில் ஏறாது. சொந்தத்தில் மணம் புரிந்தவர் மரத்தில் இரு வழியாக வருவார். அவரை இருமுறை புதிதாகப் பதியாமல், ஏற்கெனவே உள்ள பதிவையே இணைத்துவிடுங்கள்.

ஒவ்வொருவருக்கும் பிறப்பு, இறப்பு, திருமணம் போன்ற நிகழ்வுகளைச் சேர்க்கலாம். இறப்புக் காரணத்துக்கும் மருத்துவச் செய்திக்கும் தனித்தனி நிகழ்வு வகைகள் உள்ளன. நாள் சரியாகத் தெரியாவிட்டால் ஒரு நாளைப் புனைய வேண்டாம். ‘ஏறத்தாழ’, ‘முன்’, ‘பின்’, ‘இடையில்’ என்று குறிக்க மென்பொருள் இடம் தருகிறது.

சான்று: செய்தியின் முதுகெலும்பு

கிராம்ப்ஸில் சான்றை மூன்று அடுக்காக எழுதுவார்கள். அந்தத் தாள் இருக்கும் இடம் முதல் அடுக்கு. தாள் என்ன என்பது இரண்டாம் அடுக்கு. அதில் எந்தப் பக்கம், எந்த எண், எந்த நாள் என்பது மூன்றாம் அடுக்கு. ஓர் எடுத்துக்காட்டு:

இருக்கும் இடம்: அம்மாவின் பீரோ, நீலக் கோப்பு.
சான்று: தாத்தாவின் டிஸ்சார்ஜ் சம்மரி.
குறிப்பு: உள்நோயாளி எண், வெளிவந்த நாள், இரண்டாம் பக்கத்தில் ‘நோய் நிர்ணயம்’ என்ற வரி.

வாய்மொழிச் செய்திக்கும் இதே ஒழுங்கு வேண்டும். "அத்தை சொன்னது; 2025 பொங்கலன்று; தாத்தா இறந்தபோது உடனிருந்தவர்; வயிறு வீங்கி, உடல் மஞ்சளாகி, மூன்று மாதத்தில் இறந்தார் என்றார்" என்று எழுதுங்கள். சொன்னவர் நேரில் கண்டவரா, பிறர் சொல்லக் கேட்டவரா என்பது முக்கியம். அவர் சொன்ன சொற்களையே எழுதுங்கள். "மஞ்சள் காமாலை" என்று அவர் சொன்னதை நீங்கள் "கல்லீரல் புற்றுநோய்" என்று மாற்றி எழுதிவிட்டால், பின்னால் அதைச் சரிபார்க்க வழியே இல்லாமற் போகும். அறிகுறிகளை எழுதி வைத்தால், அவை எந்த நோயைச் சுட்டுகின்றன என்று மருத்துவர் ஆராய்வார்.

ஒவ்வொரு குறிப்புக்கும் நம்பகத்தன்மையை ‘மிகக் குறைவு’ முதல் ‘மிக அதிகம்’ வரை ஐந்து படிகளில் குறிக்கலாம். திசுப் பரிசோதனை அறிக்கைக்கு மேற்படி. நேரில் கண்டவர் சொன்னதற்கு நடுப்படி. யாரோ சொன்னதாக யாரோ சொன்னதற்குக் கீழ்ப்படி. இரண்டு சான்றுகள் முரண்பட்டால் ஒன்றை அழிக்காதீர்கள். இரண்டையும் வைத்து, எதை ஏன் ஏற்றீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

வயதில் இத்தகைய முரண் அடிக்கடி வரும். பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் கணித்து எழுதிய பிறந்தநாளே பல பெரியவர்களுக்குச் சான்றிதழில் உள்ளது. ஜாதகம் இருந்தால் அதையும் பாருங்கள். ‘ஹேவிளம்பி வருடம், ஆவணி மாதம்’ என்று இருந்தால் அது 1957 ஆகஸ்டு, செப்டம்பர் அளவில் அமையும். தமிழ் ஆண்டுகள் அறுபதாண்டுச் சுழற்சி என்பதால் அதே பெயர் 2017-லும் வந்தது. எந்தச் சுற்று என்பதை ஆளைக் கொண்டு முடிவு செய்யலாம். எதுவுமே இல்லாவிடில் ஊரறிந்த நிகழ்ச்சியைக் கொண்டு கேளுங்கள்: அண்ணா மறைந்தபோது (1969 பிப்ரவரி) அவருக்குத் திருமணம் ஆகியிருந்ததா? எம்.ஜி.ஆர். மறைந்தபோது (1987 டிசம்பர்) அவர் உயிரோடு இருந்தாரா?

நம் பகுதியில் தாள்கள் எங்கே கிடைக்கும்?

இறப்புச் சான்றிதழைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அவ்வாறன்று. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, பொதுமக்களுக்கு வழங்கப்படும் இறப்புப் பதிவின் நகலில் இறப்புக் காரணம் வெளியிடப்படுவதில்லை. நாள், இடம், பெயர் ஆகியவற்றுக்கே அது சான்று. மருத்துவமனையில் இறந்தவருக்கு மருத்துவர் எழுதும் காரணச் சான்று படிவம் 4. வீட்டில் இறந்தவருக்கு, அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் தருவது படிவம் 4ஏ. குடும்பத்தில் ஓர் இறப்பு நேரும் வேளையில் இதையெல்லாம் நினைக்க மனம் வராது. ஆயினும் நெருங்கிய உறவினர் ஒருவர் அந்தச் சான்றின் நகலையும் மருத்துவமனையின் இறுதிச் சுருக்கத்தையும் கேட்டு வாங்கி வைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் நன்மை.

காலதாமதம் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள், உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாக்கவும், நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவும் சொல்கின்றன. மூன்று ஆண்டு கடந்த பின் ஆவணம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

பதிவு அலுவலகத்தைத் தேடும்போது இரண்டு செய்திகளை நினைவிற்கொள்ளுங்கள். ஒன்று, பிறப்பும் இறப்பும் நிகழ்ந்த இடத்தில் பதியப்படுமேயன்றி வசித்த இடத்தில் அன்று. ஆவடியில் வசித்தவர் சென்னை அரசு மருத்துவமனையில் இறந்திருந்தால் பதிவு சென்னை மாநகராட்சியில் இருக்கும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கமாதலால், மூத்த பிள்ளையின் பிறப்பு அம்மாவின் ஊரில் பதிவாகியிருக்கும். 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் வந்த பிறகு, பல மாவட்டங்களிலிருந்து இங்கே குடியேறிய குடும்பங்கள் ஏராளம். அவர்களுடைய பழைய தாள்கள் சொந்த ஊர்க் கிராம நிர்வாக அலுவலகத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ இருக்கக்கூடும்.

இரண்டாவது, ஊர் நகராமலேயே அதன் நிர்வாகம் மாறியிருக்கிறது. அம்பத்தூர் ஒரு காலத்தில் செங்கல்பட்டு மாவட்டம். 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம். 2018 முதல் சென்னை மாவட்டம். தனி நகராட்சியாக இருந்த அது 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி நகராட்சி 2019-இல் மாநகராட்சியானது. பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டத்திலேயே உள்ளது. ஒரே தெருவில் பிறந்த அண்ணன், தங்கை, அவர் மகள் ஆகிய மூவரின் சான்றிதழ்களில் மூன்று மாவட்டங்களின் பெயர் இருப்பது தவறன்று. சான்றிதழில் உள்ளபடியே எழுதி, இன்றைய பெயரைப் பக்கத்தில் குறியுங்கள்.

வீட்டிலேயே உள்ள சான்றுகளை முதலில் திரட்டுங்கள்: பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய குடும்ப அட்டை, வாரிசுச் சான்றிதழ், நிலப்பத்திரம், திருமணப் பத்திரிகை, காரியப் பத்திரிகை, தொழிற்சாலையில் பணிபுரிந்தவரின் பணிப் பதிவேட்டு நகல், ஈ.எஸ்.ஐ. அட்டை. இவற்றுள் வாரிசுச் சான்றிதழ் பிள்ளைகள் அனைவரின் பெயரையும் வயதையும் ஒரே தாளில் தரும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கொரட்டூர், அம்பத்தூர்ப் பகுதிகளில் நீர் புகுந்த வீடுகளில் இருந்தவர்களுக்குத் தாள் எவ்வளவு எளிதில் அழியும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொன்றையும் அலைபேசியில் படம் எடுத்து, மென்பொருளில் அந்தந்தச் சான்றோடு இணைத்து, இன்னொரு பிரதியை வேறோர் இடத்தில் வையுங்கள்.

பெரியவர்களிடம் கேட்கும் முறை

உடனிருந்து கவனித்துக்கொள்பவர்களுக்கு நோயாளியோடு கழியும் நேரம் நீண்டது. அந்த நேரம் இப்பணிக்கு ஏற்றது. ஆனால் நோயாளியின் உடல்நிலையும் விருப்பமுமே முதன்மை. களைத்திருப்பவரைக் கேள்விகளால் வருத்தாதீர்கள். ஒரு நாளைக்கு ஒருவரைப் பற்றி, கால் மணி நேரம் போதும். "தாத்தா எதனால் செத்தார்?" என்று தொடங்காமல், "தாத்தா கடைசிக் காலத்தில் எப்படி இருந்தார், யார் பார்த்துக்கொண்டது?" என்று தொடங்குங்கள். பழைய திருமணப் புகைப்படம் ஒன்றைக் கையில் கொடுத்தால் பேச்சு தானே வரும்.

சில நோய்களை நம் வீடுகளில் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. காசநோய், மனநோய், வலிப்பு, தற்கொலை, குழந்தையின்மை ஆகியவை "அது ஒன்றுமில்லை" என்ற ஒரு சொல்லுக்குள் மறைந்துவிடும். பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் இது வெளியே தெரிந்தால் என்னாவது என்ற அச்சம் அதற்குப் பின்னால் உண்டு. அந்த அச்சத்தை ஏளனம் செய்யாதீர்கள். யாருக்காக எழுதுகிறீர்கள், யார் பார்ப்பார்கள் என்பதை முதலில் சொல்லி, அவர் இசைந்த பின்பே எழுதுங்கள். உயிரோடு இருப்பவரின் நோயை அவருடைய அனுமதியின்றிப் பதிய வேண்டாம். தத்தெடுப்பு, மறுமணம் போன்ற செய்திகளிலும் இதே கவனம் தேவை.

கிராம்ப்ஸில் ஒவ்வொரு பதிவுக்கும் பூட்டு அடையாளம் இட்டு அதைத் தனிப்பட்டதாக்கலாம். கோப்பைப் பிறருக்கு அனுப்பும்போது, தனிப்பட்ட பதிவுகளை விட்டுவிடும்படி தேர்ந்தெடுத்தால் அவை நீங்கிவிடும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மரத்தை அனுப்புவதற்கு முன் இதைச் சரிபாருங்கள். இணையத்தில் நோய்க் குறிப்புகளை ஏற்றாமலிருப்பது நன்று. 2023-இல் மரபணுப் பரிசோதனை நிறுவனம் ஒன்றின் இணையக் கணக்குகளிலிருந்து ஏறக்குறைய 69 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன. கசிந்த குடும்பச் செய்தியைத் திரும்பப் பெற எவராலும் இயலாது.

அடுத்த முறை மருத்துவரிடம் வரும்போது

ஒரே பக்கத்தில் பின்வருவனவற்றை எழுதிக் கொண்டுவந்தால் போதும்:

• உங்கள் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள்: ஒவ்வொருவரின் இப்போதைய வயது அல்லது இறந்த வயது.
• இருவழித் தாத்தா, பாட்டி, பெற்றோரின் உடன்பிறந்தார்.
• ஒவ்வொருவருக்கும் இருந்த நோய். அது கண்டறியப்பட்ட வயது.
• சொந்தத்தில் நடந்த திருமணங்கள், இளவயது இறப்புகள்.
• ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் சான்று: ‘அறிக்கை உள்ளது’, ‘நேரில் கண்டவர் சொன்னது’, ‘கேள்விப்பட்டது’.
• அறிக்கைகள் இருந்தால் அவற்றின் நகல். குறிப்பாகத் திசுப் பரிசோதனை அறிக்கை.

ஒரே நோய் ஒரே வழியில் இருவருக்கு மேல் இருந்தாலும், இளவயதிலேயே வந்திருந்தாலும், மரபியல் ஆலோசனை தேவையா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். மரத்தைப் பார்த்து நீங்களே நோயை முடிவு செய்வதும், நடந்துகொண்டிருக்கும் மருந்தை மாற்றுவதும் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கலுக்கோ தீபாவளிக்கோ உறவினர் கூடும் நாளில், மரத்தைப் புதுப்பித்து அச்சிட்டு மருத்துவக் கோப்போடு வையுங்கள். எண்பது வயது அத்தைக்கு மட்டுமே தெரிந்த செய்தி ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கும். இந்த வாரமே அவரிடம் கேட்டு, அவர் பெயரையும் நாளையும் சேர்த்து எழுதி வையுங்கள்.